முன்னதாக, சொல்லருவி தையல்நாயகி

உக்காருங்க டீச்சர். பின்கட்டுச் சாவி எங்கயும் ஓடிப்போயிடாது, இந்தா என் இடுப்புலதான் இருக்கு. ரெண்டு ரூம், ஒரு அடுப்படி, காலையில ஆறுலேர்ந்து எட்டு வரைக்கும் குழாயில தண்ணி. அந்தப் போர்ஷனோட வரலாறு அவ்வளவுதான். பாக்க அஞ்சு நிமிஷம் போதும். வெயில் கொஞ்சம் இறங்கட்டும், போவோம். நீங்க கேர்ள்ஸ் ஸ்கூல்ல வரலாறு எடுக்கறீங்கன்னுதானே போன்ல சொன்னீங்க? அதைக் கேட்டதும் எனக்கு ஒரு மாதிரி ஆயிடுச்சு. ஏன்னு அப்புறம் சொல்றேன். முதல்ல தண்ணி குடிங்க.

அந்தச் சுவத்துல கண்ணாடி போட்டு மாட்டியிருக்கேனே, அது போட்டோ இல்லை, போஸ்டர். மாபெரும் பொதுக்கூட்டம். பெரிய எழுத்துல இருக்கறவங்களையெல்லாம் விடுங்க, அவங்களை ஊருக்கே தெரியும். கீழ வாங்க. இன்னும் கீழ. அச்சகத்துக்காரன் பேருக்கு மேல ஒரு வரி இருக்கா? "முன்னதாக: சொல்லருவி தையல்நாயகி." அது நான்தான்.

முன்னதாகன்னா என்னன்னு உங்களுக்குத் தெரிய நியாயமில்லை. அஞ்சு மணிக்குத் தலைவர் பேசுவார்னு போஸ்டர்ல இருக்கும். எந்தத் தலைவர் அஞ்சு மணிக்கு வந்திருக்கார்? ஏழாகும், எட்டாகும். அதுவரைக்கும் கூட்டத்தைக் கலையாம பிடிச்சு வைக்க ஒரு ஆள் வேணும்ல? அந்த ஆள்தான் முன்னதாக. பாட்டுக் கச்சேரி வச்சும் பிடிக்கலாம், ஆனா செலவு. என்னை வச்சா ஒரு டீ, ஒரு வேன் சீட்டு, முடிஞ்சுது. சிரிக்காதீங்க. இருபத்தேழு வருஷம் பண்ணியிருக்கேன். தஞ்சாவூர், நாகப்பட்டினம், திருச்சி, அந்தப் பக்கம் கடலூர் வரைக்கும். ஒரு கூட்டம்கூட என் கையில கலைஞ்சதில்லை. ஒண்ணுகூட.

எப்படி ஆரம்பிச்சதுன்னு கேக்கறீங்களா? கேக்கலையா? சரி, சொல்லிடறேன்.

எங்கப்பா கடைத்தெருவுல சைக்கிள் கடை வச்சிருந்தார். கட்சின்னா உயிர். அறுபத்தொம்பதுல ஒரு கூட்டம். முன்னாடி பேச வேண்டியவருக்குத் தொண்டை கட்டிக்கிச்சு, தலைவர் கார் கும்பகோணத்துலயே நிக்குது. ஜனம் துண்டை உதறித் தோள்ல போட ஆரம்பிச்சிடுச்சு. எங்கப்பா என்னைத் தூக்காத குறையா மேடையில ஏத்தி, "பள்ளிக்கூடத்துல பேசி சோப்பு டப்பா பரிசு வாங்கினியே, அதைப் பேசு"ன்னார். எனக்குப் பதினேழு வயசு. வேலு நாச்சியாரைப் பத்திப் பேசினேன். "பொண்ணு பேசுதுடா"ன்னு டீக்கடையில இருந்தவனெல்லாம் எழுந்து வந்தான். பேச்சைக் கேக்கவா வந்தான்? பொண்ணு பேசற அதிசயத்தைப் பாக்க வந்தான். வந்தவன் நின்னு கேட்டான். அப்புறம் கார் வந்துச்சு, நிறுத்தினேன். மறுநாளே பக்கத்து ஊர்லேர்ந்து ஆள் வந்துட்டாங்க, எங்களுக்கும் அந்தப் பொண்ணை அனுப்புங்கன்னு.

நிறுத்தறதுதான் டீச்சர் இதுல பெரிய வித்தை. யார் வேணா பேசிடலாம். தெருமுனையில ஒருத்தன் துண்டை ஆட்டுவான். வெடிச் சத்தம் கேக்கும். அந்த நிமிஷம் நிறுத்தணும். வாக்கியம் பாதியில இருந்தாலும் நிறுத்தணும். "இதோ தலைவர் வந்துவிட்டார்கள், இந்த அளவில் என் உரையை நிறைவு செய்து அமர்கிறேன்." அவ்வளவுதான், மைக்கை விட்டு விலகிடணும். ஒரு வார்த்தை கூடப் பேசினாலும் தலைவருக்கு முகம் சுருங்கிடும். என்னைப் பாத்து ஒருத்தர்கூட முகம் சுருக்கினதில்லை.

வேலு நாச்சியார் கதை உங்களுக்குத் தெரியாததா? புருஷன் போர்ல சாகறான், சிவகங்கை பறிபோகுது, குழந்தையோட விருப்பாச்சிக்குப் போறா, எட்டு வருஷம் காத்திருக்கா, படை சேக்கறா, திரும்பி வந்து நாட்டை மீட்கறா. சொன்னா நம்ப மாட்டீங்க, இருபத்தேழு வருஷத்துல என் மேடையில அவ சிவகங்கையை மீட்டதே இல்லை. விருப்பாச்சியிலேர்ந்து புறப்படுவா, கார் வந்துரும். சில நாள் திண்டுக்கல்லைத் தாண்டுவா, கார் வந்துரும். தலைவர் ரொம்ப லேட்டுன்னு சேதி வந்தா வழியில குதிரைக்குத் தண்ணி காட்டுவேன். அதுக்கும் மேல லேட்டுன்னா ராணி மங்கம்மாளைக் கூட்டிட்டு வந்து சாலை போட விடுவேன். பிரான்ஸ் தேசத்து ஜோன் ஒருத்தி கையிருப்புல இருப்பா. மூணு பேரையும் வச்சு மூணு மணி நேரம் ஓட்டுவேன்.

கூட்டத்துக்குப் போற அன்னிக்குக் காலையிலேர்ந்து தண்ணி குடிக்க மாட்டேன். வேன்ல பதினாலு ஆம்பளைங்க, நான் ஒருத்தி. எங்க இறங்கச் சொல்றது? பழகிப்போச்சு. ரெண்டு தடவை சிறுநீரகத்துல கல் எடுத்தாங்க. அதையெல்லாம் சொல்லிக்கிட்டிருந்தா பொது வாழ்க்கைக்கு வர முடியுமா? கல்யாணமும் அப்படித்தான். பதினாலு ஆம்பளைங்களோட வேன்ல போற பொண்ணை எவன் கட்டுவான்? ஒருத்தர் வந்தார். மேடையை விட்டுடணும்னார். அவரை விட்டுட்டேன்.

தொண்ணூத்தாறுல வந்துச்சு அந்தத் தேர்தல். மூணுல ஒரு பங்கு பொம்பளைங்களுக்குன்னு சட்டம் போட்டு நடத்தின உள்ளாட்சித் தேர்தல். எங்க பேரூராட்சி பெண்களுக்குன்னு வந்துடுச்சு. சேர்மன் யாருன்னு பேச்சு வர்றப்ப ஊர்ல எல்லாரும் என் வீட்டைத்தான் பாத்தாங்க. நானும்தான் பாத்துக்கிட்டேன், பொய் சொல்லுவானேன். எனக்கு நாப்பத்திநாலு வயசு. அப்பா போயாச்சு. புருஷன் இல்லை, பிள்ளை இல்லை. ஒரே ஒரு தடவை போஸ்டர்ல என் பேரு மேல வரணும்னு இருந்துச்சு டீச்சர். எனக்குன்னு ஒரு கூட்டம், நான் பேசறதுக்காகவே வந்த கூட்டம். வேற எதுவும் நான் கேக்கல.

விருப்ப மனு கொடுத்தேன். மொத்தம் நாலு பேர் கொடுத்திருந்தாங்க. பேரூர்ச் செயலாளர் வைரக்கண்ணு, அவர் தன் சம்சாரம் சுலோச்சனா பேர்லயும் ஒண்ணு போட்டு வச்சிருந்தார். சும்மா கணக்குக்குன்னு சொன்னார். சுலோச்சனா அதுவரைக்கும் வாசல் படியில நின்னு பேசிகூட யாரும் பாத்ததில்லை. கும்பிடுவா, உள்ள போயிடுவா.

நேர்காணல் அன்னிக்குச் சாயங்காலமே கடைத்தெருவுல பொதுக்கூட்டம். மாவட்டச் செயலாளர் வர்றார். எங்க கட்சியில பெரிய பொறுப்புல இருக்கறவங்களைப் பேரு சொல்ல மாட்டோம், அவரை "மாவட்டம்"னுதான் சொல்லுவோம். மாவட்டம் பயணியர் விடுதியில உக்காந்து நாலு பேரையும் விசாரிச்சுட்டு, நேரா மேடைக்கு வந்து வேட்பாளரை அறிவிக்கறதா ஏற்பாடு. நான் இஸ்திரி போட்ட கதர்ச் சேலை கட்டிக்கிட்டு நாலரைக்கே விடுதி வாசல்ல நிக்கறேன். வைரக்கண்ணு வேர்க்க விறுவிறுக்க வர்றார்.

"அக்கா, மோசம் போச்சு. கூட்டம் கலையுது. மேடையில ஆளே இல்லை."

"நேர்காணல் இருக்கே தம்பி."

"உங்க பேரு கடைசியிலதான் வரும். வந்ததும் ஆள் அனுப்பறேன். நீங்க ஏறினாத்தான் ஜனம் நிக்கும். உங்களுக்குத் தெரியாததா?"

எனக்குத் தெரியாததா? ஏறினேன். சொல்றேன் கேளுங்க, அன்னிக்குப் பேசின மாதிரி நான் என்னைக்கும் பேசினதில்லை. இன்னும் கொஞ்ச நேரத்துல இந்த ஜனத்துக்கு முன்னாடி வேட்பாளரா நிக்கப் போறோம்னு மனசு பொங்குது. அஞ்சு மணிக்கு வேலு நாச்சியார் புறப்பட்டா. ஆறாச்சு, ஆள் வரல. ஆறரைக்கு மங்கம்மா வந்தா. ஆள் வரல. ஏழரைக்கு வெடிச் சத்தம் கேட்டுச்சு. ஆள் வரல, கார்தான் வந்துச்சு. "இதோ வந்துவிட்டார்கள்"னு சொல்லி விலகி நின்னேன். மாவட்டம் ஏறினார். பின்னாடியே சுலோச்சனா, தலை குனிஞ்சபடி. "உங்கள் பேரூராட்சியின் வெற்றி வேட்பாளர், சகோதரி சுலோச்சனா வைரக்கண்ணு"ன்னார். கைதட்டல்னா கைதட்டல். ரெண்டரை மணி நேரமா நான் சூடேத்தி வச்சிருந்த கூட்டமில்லையா? நானும்தான் தட்டினேன்.

நீங்க ஏன் அப்படிப் பாக்கறீங்க? வைரக்கண்ணு மேல எனக்கு வருத்தமே கிடையாது. அவருக்கு அன்னிக்கு ஆயிரம் வேலை. ஆள் அனுப்ப மறந்திருப்பார். மறக்கறது மனுஷ சுபாவம்தானே? நான் அந்த இடத்துல இருந்திருந்தாலும் கூட்டத்தைத்தான் பாத்திருப்பேன்.

வருத்தம் எங்க வந்துச்சுன்னா, மறுநாள் காலையில. சுலோச்சனா தனியா என் வீட்டுக்கு வந்தா. தாம்பாளத்துல வெத்தலை பாக்கு வச்சுக்கிட்டு, இதோ நீங்க உக்காந்திருக்கற இடத்துல உக்காந்தா. தாம்பாளத்தை என் முன்னாடி நகர்த்தி வச்சா. அப்புறம் சொல்றா:

"அக்கா, மாவட்டம் உள்ள உங்களைக் கேட்டார். தையல்நாயகி வரலையான்னு ரெண்டு தடவை கேட்டார். இவர்தான், அந்தம்மா மேடையை விட்டு வர மாட்டேன்னுடுச்சுண்ணே, நேர்காணல் எதுக்குன்னு கேக்குதுன்னு சொன்னார். நான் அங்கயே வாயைத் திறந்து சொல்லியிருக்கணும். பயந்துட்டேன். என்னை மன்னிச்சிடுங்க."

பாத்தீங்களா? கட்டின புருஷனைப் பத்தி அடுத்தவகிட்ட வந்து கோள் சொல்றா. எனக்குப் பிடிக்கல. "அவர் சொன்னதுல என்ன தப்பு? நான் அப்படிச் சொல்லக் கூடியவதான்"னேன். அவ என்னையே பாத்தா. அழுதாளோ என்னமோ, நான் கவனிக்கல.

பிரச்சாரத்துக்கு நான்தான் போனேன். போகாம? கட்சிச் சொல்லு. வேன்ல சுலோச்சனா முன் சீட்டு, நான் பின்னாடி மைக்கோட. முதல் நாள் கீழத் தெருவுல நான் நாப்பது நிமிஷம் பேசிட்டு மைக்கை அவ கையில கொடுத்தேன். மைக் அவ பல்லுல இடிச்ச சத்தம் ஊருக்கே கேட்டுச்சு. என்ன பேசினா தெரியுமா? "விடியறதுக்கு முன்னாடி ஒதுங்கப் போறோம். இருட்டினப்புறம் போறோம். நடுவுல வயித்த வலிச்சாலும் அடக்கிக்கறோம். கடைத்தெருவுல கருவாடு விக்கற அக்காங்க பகல் பூரா தண்ணியே குடிக்கறதில்லை. நான் ஜெயிச்சா முதல் வேலையா நமக்கு ஒரு கக்கூஸ் கட்டறேன். வணக்கம்." அவ்வளவுதான். இதுக்குப் பேரு பேச்சா?

எனக்கு உடம்பெல்லாம் கூசிப்போச்சு டீச்சர். மைக்ல, ஆம்பளைங்க நிக்கறப்ப, ஒரு பொம்பளை பேசற விஷயமா அது? ஒரு ராணி உண்டா, ஒரு வரலாறு உண்டா, ஒரு மேற்கோள் உண்டா? தெருவுல பொம்பளைங்க கை தட்டவே இல்லை. கிட்ட வந்து அவ கையைப் பிடிச்சுக்கிட்டாங்க. ஒரு கிழவி விடவே மாட்டேங்குது. நான் நாப்பது நிமிஷம் தொண்டை கிழியப் பேசினேன், என் கையை ஒருத்தி பிடிக்கல. அடுத்த தெருவுல சுலோச்சனா சொல்றா, "நீங்க அஞ்சு நிமிஷம் பேசினா போதும்க்கா, தண்ணி குடிச்சுட்டு உக்காருங்க"ன்னு. என் தொழில்ல எனக்கே பாடம். அங்க நான் ஒரு மணி நேரம் பேசினேன்.

ஜெயிச்சா. ஜெயிக்காம? ஜெயிச்ச ஒரு மாசத்துல என்ன பண்ணினா தெரியுமா? ஆபீஸ்ல வைரக்கண்ணு பழக்கத்துல சேர்மன் நாற்காலியில உக்காந்திருக்கார். இவ போய், "கொஞ்சம் எழுந்திருங்க, கையெழுத்துப் போடணும்"னிருக்கா. எழுந்தவர் அப்புறம் அதுல உக்காரவே இல்லை. வெளிய பெஞ்சுல உக்காந்து பேப்பர் படிச்சுட்டுப் போவார். பாவமா இருக்கும். கடைத்தெருவுல பொம்பளைங்களுக்குக் கக்கூஸ் கட்டினா, பஸ் ஸ்டாண்டுல ஒண்ணு கட்டினா. அதுக்குத் திறப்பு விழா வேற. என்னைப் பேசக் கூப்பிட்டா. கக்கூஸ் திறக்கறதுக்கு வேலு நாச்சியாரைக் கூட்டிட்டுப் போக முடியுமா? போகல.

அதுக்கப்புறம்தான் தொண்ணூத்தொம்பது மார்ச் எட்டு. மகளிர் தினம். எங்க நடந்துச்சுங்கறீங்க? உங்க ஸ்கூல்தான் டீச்சர். அந்த வேப்பமரத்து மைதானம். அதான் போன்ல நீங்க சொன்னதும் எனக்கு அப்படி ஆயிடுச்சு.

சுலோச்சனா போஸ்டரோட வந்தா. "பாருங்கக்கா"ன்னு விரிச்சா. பெரிய எழுத்துல, மேல, "சொல்லருவி தையல்நாயகி சிறப்புரை." அவ பேரு கீழ, சின்னதா, வரவேற்புன்னு. "யாரும் வரலக்கா. மந்திரி இல்லை, மாவட்டம் இல்லை. உங்களைக் கேக்கத்தான் பிள்ளைங்க உக்காந்திருக்கும். முழுசா பேசுங்க"ன்னா. அன்னிக்கு நான் தூங்கல. பச்சைக் கரை போட்ட சேலை ஒண்ணு எடுத்தேன்.

அறுநூறு பொண்ணுங்க. தரையில வரிசையா. பதினோரு மணிக்கு ஆரம்பிச்சேன். வேலு நாச்சியார் விருப்பாச்சியிலேர்ந்து புறப்பட்டா. திண்டுக்கல் தாண்டினா. யாரும் வரல. மதுரைப் பக்கம் வந்தா. யாரும் வரல. டீச்சர், இருபது நிமிஷத்துல அவ சிவகங்கைக்குள்ள நுழைஞ்சுட்டா! பொண்ணுங்க ஹோன்னு கத்திக் கை தட்டுச்சு. அங்க நிறுத்தியிருக்கலாமேன்னு உங்க முகம் சொல்லுது. நிறுத்தியிருக்கலாம். எப்படி நிறுத்தறது? யார் வந்தாங்க? மங்கம்மாளைக் கூட்டிட்டு வந்தேன். அவ சாலை போட்டு முடிச்சா. ஜோனை வரவழைச்சேன், அவளை எரிச்சும் ஆச்சு. மணி ஒண்ணேகால். வெயில் பிள்ளைங்க தலையில இறங்குது. ஹெட்மிஸ்ட்ரஸ் துண்டுச் சீட்டு அனுப்பறாங்க. நான் மெயின் கேட்டையே பாக்கறேன். வாய் பாட்டுக்குப் பேசுது. என்ன பேசறேன்னு கேட்டா, வேலு நாச்சியார் மறுபடியும் விருப்பாச்சியில இருக்கா. மறுபடியும் புறப்படறா. முன் வரிசையில ஒரு பொண்ணு சிரிச்சுது. அப்புறம் அந்த வரிசையே சிரிச்சுது. எனக்குக் காது அடைச்சுப்போச்சு, ஆனா வாய் நிக்கல.

அப்ப சுலோச்சனா எழுந்தா. மேடையில என் பக்கத்து நாற்காலியிலேர்ந்து, நான் பேசிக்கிட்டிருக்கறப்ப, எழுந்து பின்பக்கமா இறங்கிப் போறா. செருப்பைக் கையில தூக்கிக்கிட்டு சத்துணவுக் கூடத்துக்குப் பின்னாடி இருக்கற சின்னக் கேட்டுப் பக்கம் ஓடறா, எனக்குத் தெரியுது. சேர்மன் ஓடறதை நீங்க பாத்திருக்கீங்களா? கொஞ்ச நேரத்துல மெயின் கேட்டு ரெண்டு கதவையும் வாட்ச்மேன் விரியத் திறக்கறான். அவ உள்ள வர்றா. தனியா. கார் இல்லை, வெடி இல்லை. மூச்சு வாங்குது, சேலைக் கொசுவமெல்லாம் புழுதி. ரெண்டு கையையும் தலைக்கு மேல கூப்பிக்கிட்டு நடுவுல நடந்து வர்றா. பிள்ளைங்க திரும்பிப் பாத்து எழுந்து நின்னு கை தட்டுது. என் வாய் தானா சொல்லிடுச்சு. "இதோ வந்துவிட்டார்கள். இந்த அளவில் என் உரையை நிறைவு செய்து..." இறங்கிட்டேன்.

கோவம்னா கோவம் இல்லை எனக்கு. என் கூட்டம் டீச்சர். வாழ்க்கையில ஒண்ணே ஒண்ணு. அதுல நடுவுல எழுந்து போனதே மரியாதை இல்லை. போனவ போய்த் தொலையாம, பெரிய தலைவர் மாதிரி கேட்டு வழியா வந்து என் கைதட்டலை வாங்கிக்கிட்டா. பக்கத்துல வந்து, "தண்ணி குடிங்கக்கா"ன்னு தம்ளரை நீட்டினா. தட்டிவிட்டேன். அறுநூறு பிள்ளைங்க முன்னாடி தட்டிவிட்டேன். அவ சேலையெல்லாம் தண்ணி. துடைச்சுக்கிட்டே சிரிச்சா. அன்னியோட எங்களுக்குள்ள பேச்சு நின்னுச்சு.

அடுத்த தடவை கட்சி அவளுக்கு சீட்டு கொடுக்கல. சுயேச்சையா நின்னு ஜெயிச்சா. எனக்கு என்ன? பொங்கலுக்குப் பொங்கல் அவ வீட்லேர்ந்து கரும்பு வரும். வாங்கி வச்சுக்குவேன். தெருவுல எதிர்ல வந்தா நிப்பா, நான் அந்தப் பக்கம் போயிடுவேன். இருபத்தஞ்சு வருஷம். கட்சியில என்னைக் கூப்பிடறதும் நின்னுபோச்சு. இப்பல்லாம் தலைவர் வர்ற வரைக்கும் திரையில வீடியோ போடறாங்களாம். அதுக்கு டீகூட வேண்டாம்ல?

உங்களுக்கு போன் வருது பாருங்க. எடுக்கலையா? சரி. இன்னும் கொஞ்சம்தான்.

போன மாசம் சுலோச்சனா செத்துப்போயிட்டா. மார்ல வலின்னு தஞ்சாவூருக்குக் கொண்டு போனாங்க, வழியிலயே முடிஞ்சுது. நான் எடுக்கறப்ப போகல. கால் வரல. பதினாறாம் நாள் கல்யாண மண்டபத்துல படத்திறப்பு. அவ மக சிந்தாமணி வீட்டுக்கே வந்துட்டா. "பெரியம்மா, நீங்க பேசணும்"னு. என்னைப் பெரியம்மான்னு கூப்பிடச் சொல்லி சுலோச்சனா வளத்திருக்கா போல.

ஆளுக்கு மூணு நிமிஷம்னு வச்சிருந்தாங்க. எல்லாரும் மூணு நிமிஷத்துல பேசி இறங்கினாங்க. வைரக்கண்ணு முன் வரிசையில உக்காந்திருந்தார், தளர்ந்துட்டார், என்னைப் பாத்துக் கும்பிட்டார். நல்ல மனுஷன். நான் ஏறினேன். வேலு நாச்சியாரைப் பேசல டீச்சர். சுலோச்சனாவைப் பேசினேன். மைக் பல்லுல இடிச்சதைச் சொன்னேன், சிரிச்சாங்க. கீழத் தெருக் கிழவி கையை விடாததைச் சொன்னேன். நாற்காலியைக் கேட்டு வாங்கினதைச் சொன்னேன். பஸ் ஸ்டாண்டு கக்கூஸுக்குள்ள முதல் தடவையா நான் போனதைச் சொன்னேன். ஆமா, போனேன். திறந்த மறுநாளே போனேன், யாருக்கும் தெரியாம. கதவைச் சாத்திக்கிட்டு உள்ள நின்னு அழுதேன். அதை யார்கிட்டயும் சொன்னதில்லை, மைக்ல சொல்லிட்டேன்.

சொல்லிட்டு, நிறுத்தத் தெரியல.

அஞ்சு நிமிஷமாச்சு, பத்தாச்சு, அரை மணியாச்சு. சாப்பாடு தயார்னு யாரோ வந்து சொல்லவும் ஜனம் ஒவ்வொருத்தரா எழுந்து பந்திக்குப் போகுது. என் கையில கலையாத கூட்டம் டீச்சர், என் கண்ணு முன்னாடி கலையுது. மைக்செட்காரன் ஆஃப் பண்ணிட்டு ஒயரைச் சுத்த ஆரம்பிச்சுட்டான். நான் மைக் இல்லாமப் பேசறேன். பேசிக்கிட்டே மண்டப வாசலையே பாக்கறேன். யாரைப் பாக்கறேன்னு எனக்கே திடீர்னு புரிஞ்சுது. மாலை போட்ட படத்துக்குப் பக்கத்துல நின்னுக்கிட்டு, அவ வாசல்ல வருவாளான்னு பாத்துக்கிட்டிருக்கேன்.

எனக்கு மானம் போகாம இருக்கத்தான் அவ ஓடியிருக்கா. செருப்பைக் கையில தூக்கிக்கிட்டு. இருபத்தஞ்சு வருஷம் கழிச்சு, வெறும் நாற்காலிங்க முன்னாடி நிக்கறப்பதான் எனக்குத் தெரியுது. ஊர் ஊராப் பேசினவ நான். அவகிட்ட ஒரு வார்த்தை பேசல. கடைசியில சிந்தாமணிதான் வந்து, "போதும் வாங்க பெரியம்மா"ன்னு கையைப் பிடிச்சு இறக்கினா.

சரி, எழுந்திருங்க, போர்ஷனைப் பாத்துடலாம். இந்தாங்க சாவி, நீங்களே திறந்து பாருங்க. எனக்கு முழங்கால் பிடிச்சுக்கிச்சு. வாடகை நீங்க சொல்றதுதான். கறி மீன் சமைப்பீங்களான்னெல்லாம் நான் கேக்கல. ராத்திரி லேட்டா வந்தாலும் கேக்க மாட்டேன். ஒரே ஒரு விஷயம். சாயங்காலத்துல நான் இங்க தனியாப் பேசிக்கிட்டிருக்கறது உங்க பக்கம் கேக்கும், நடுச்சுவரு ஒத்தைச் செங்கல் கனம்தான். பயந்துடாதீங்க. பதில் சொல்ல வேண்டாம், பக்கத்துல உக்காந்து கேக்கவும் வேண்டாம். இந்த வாசல்படி வரைக்கும் வந்து ஒரு நிமிஷம் நில்லுங்க. நான் நிறுத்திடுவேன்.